துடுப்பு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பவுண்டரி வாட்டர்ஸ் வனத்தில் கேனோ என்ற சிறு படகில் சென்று பாதுகாப்புப் பணி செய்யும் இளைஞர்கள் பற்றிய கட்டுரை படித்தேன். துடுப்பு போடுவதைப் பக்கம் பக்கமாக எழுதியவர், படகைச் சுமப்பதை ஒரே வரியில் முடித்துவிட்டாரே! அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக, கேனோவைத் தோளில் கவிழ்த்துக்கொண்டு, கொசுவை விரட்டக் கை ஒழியாமல், கல்லிலும் சேற்றிலும் நடக்க வேண்டும். அந்த ஒற்றையடிப் பாதை மழையில் அரித்துப் போகாமல் கட்டை பதிப்பதுதான் உண்மையான பணி. விதிகளும் கடுமை: பெரும்பாலான ஏரிகளில் மோட்டாருக்கு அனுமதியில்லை. ஒரு குழுவில் அதிகபட்சம் 9 பேர்தான். கண்ணாடிப் பாட்டிலுக்கும் தடை. அமெரிக்காவின் 1964 வனப் பாதுகாப்புச் சட்டம் காகிதத்தோடு நிற்காததற்கு இந்தக் கெடுபிடியும் காரணம். சூரிய அஸ்தமனப் படங்களைக் குறைத்து, மண்வெட்டி பிடித்த பிள்ளைகளின் படம் ஒன்றாவது போட்டிருக்கலாம்.

– ஒரு வாசகர், மதுரை