பட்டறைப் பக்கம்: லோரி பில்டரை எப்போது மாற்றுவது?



இந்த மாதம் என் மேசைக்கு வந்தது ஓர் அம்மையாரின் கடிதம். பகாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவருக்கு 55 வயதில் கிடைத்த ஊழியர் சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு, மகனுக்குப் பழைய டீசல் லோரி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி செம்பனைக் குலையை ஆலைக்கு ஏற்றிப் பிழைக்கிறார். "வண்டி முன்போல் மேடு ஏறவில்லை, கரும்புகை கக்குகிறது. பில்டரை மாற்றடா என்றால், இன்னும் கிலோமீட்டர் ஆகவில்லையம்மா என்கிறான். யார் சொல்வது சரி?" என்று கேட்கிறார்.

அம்மா, நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் தம்பியையும் குறை சொல்ல முடியாது. வண்டியின் கையேட்டில் காற்று பில்டருக்கு 20,000 கிலோமீட்டர், 30,000 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது தார்ச்சாலைக் கணக்கு. தோட்டத்துச் செம்மண் சாலையில், முன்னால் போகும் வண்டி கிளப்பும் தூசியைக் குடித்துக்கொண்டே ஓடும் லோரிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வெயில் காலத்தில் அதில் பாதி தூரத்துக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும்.

ஒரு லிட்டர் டீசல் எரிய ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று வேண்டும். குறைந்தபட்சக் கணக்கு இது. அவ்வளவு காற்றும் அந்தக் காகித பில்டர் வழியாகத்தான் போகிறது. அது அடைத்துப்போனால் டீசல் முழுதாய் எரியாமல் புகையாக வெளியேறும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஏறிய நாளை லோரிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கரும்புகை காசு எரிகிற புகை.

சரி, வாரா வாரம் மாற்றிவிடலாமா? அதுவும் கூடாது. கொஞ்சம் தூசி படிந்த பில்டர், புதிய பில்டரைவிட நன்றாகவே வடிகட்டும். அடிக்கடி திறந்தால், திறக்கும்போதே மண் உள்ளே விழும். பல லோரிகளில் காற்றுக் குழாயில் ஒரு சிறிய அடையாளக் கருவி இருக்கும். அடைப்பு முற்றினால் சிவப்பு தெரியும். அது சொன்னால் மாற்றுங்கள். பில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் ரப்பர் மூக்கைத் தினமும் காலையில் அமுக்கிவிடுங்கள். படிந்த தூசி கொட்டிவிடும். இதற்குக் காசு செலவில்லை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. வேலை பழகிய நாட்களில், சிக்கனம் என்று நினைத்து ஒரு லோரியின் பில்டரைக் கம்பிரசர் காற்றால் முழு வேகத்தில் ஊதிச் சுத்தம் செய்தேன். பார்க்கப் புதிதுபோல் இருந்தது. மடிப்புக்குள் காகிதம் கிழிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. சில மாதங்களில் வண்டி எஞ்சின் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் அரம் போட்டதுபோல் தேய்ந்திருந்தன. வண்டிக்காரர் என்னைத் திட்டவில்லை, பேசாமல் நின்றார். அதுதான் இன்றும் உறுத்துகிறது. ஊதித்தான் ஆகவேண்டும் என்றால் மெதுவான காற்றில், உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். பிறகு உள்ளே டார்ச்லைட் அடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். உள்ளே இரண்டாவதாகச் சின்ன பில்டர் ஒன்று இருந்தால் அதை ஊதவே வேண்டாம். பெரியதை மூன்று முறை மாற்றும்போது அதை ஒரு முறை மாற்றினால் போதும்.

இனி டீசல் பில்டர். இதற்குக் கையேட்டில் பெரும்பாலும் 10,000 முதல் 20,000 கிலோமீட்டர் வரை சொல்லியிருக்கும். பழைய வண்டிக்குக் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இதன் பெரிய எதிரி தண்ணீர். இரவில் காலி டேங்கியின் சுவரில் ஈரம் படிந்து அடியில் இறங்கும். ஆகவே முடிந்தவரை மாலையிலேயே டேங்கியை நிரப்பிவிட்டு, காலையில் பில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

இன்னொன்று. 2019 முதல் நம் நாட்டில் வண்டிகளுக்கான டீசலில் நூற்றுக்குப் பத்து பங்கு செம்பனை டீசல் கலக்கும் திட்டம் வந்தது. நாம் வெட்டிப் போட்ட குலைதான் சுற்றிச் சுற்றி டேங்கிக்குள் வந்து சேர்கிறது! நல்லதுதான். ஆனால் அது சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும்; பழைய டேங்கியில் ஒட்டிக்கிடக்கும் கசடையும் கழற்றிக்கொண்டு வரும். நெடுநாள் சும்மா கிடந்த லோரியை வாங்கியவர்கள், முதல் பில்டரைக் கையேட்டுக் கணக்கு வரும் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

புது டீசல் பில்டரில் வெளியிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. புதிய வகை எஞ்சின்களில் அது ஆபத்து. ஊற்றும் டீசலில் உள்ள தூசி வடிகட்டப்படாமல் நேரே இன்ஜெக்டருக்குப் போய்விடும். ஒரு இன்ஜெக்டர் விலையில் எத்தனை பில்டர் வாங்கலாம் என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். காலியாக மாட்டி, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

அம்மையாருக்குத் தெரிந்துகொள்ள ஓர் அடையாளம்: பாரம் ஏற்றி மேடு ஏறும்போது கரும்புகை வந்தால் பெரும்பாலும் காற்று பில்டர். புகையில்லாமல் இழுவை மட்டும் செத்தால் டீசல் பில்டர். உங்கள் வண்டிக்கு முதலாவதுதான் என்று தோன்றுகிறது. வீட்டு நாள்காட்டியில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் நீங்களே குறித்து வையுங்கள். தம்பி மறந்தாலும் நீங்கள் மறக்க மாட்டீர்கள். மாற்றிய பிறகும் புகை நிற்கவில்லையென்றால் இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டியிருக்கும். அப்போது மறுபடி எழுதுங்கள். அதை இந்தப் பக்கத்திலேயே பார்ப்போம்.