முட்டியவருக்குச் சிலை, திட்டியவருக்குத் தடை

2010 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. தென்னாப்பிரிக்காவில் நைஸ்னா என்ற சிறிய கடற்கரை ஊர். உலகக் கோப்பைக்கு வந்திருந்த பிரான்ஸ் கால்பந்து அணியின் பயிற்சியைப் பார்க்க உள்ளூர் ஜனங்கள் கூடியிருந்தார்கள். வீரர்கள் வந்தார்கள், சிறுவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். திடீரென்று அணித்தலைவர் பத்ரிஸ் எவ்ராவுக்கும் உடற்தகுதிப் பயிற்சியாளர் ரொபேர் துவேர்னுக்கும் வாய்த்தகராறு. தலைமைப் பயிற்சியாளர் ரேமோன் டொமெனெக் குறுக்கே புகுந்து பிரித்துவிட்டார். வீரர்கள் அத்தனை பேரும் பேருந்தில் ஏறினார்கள், ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார்கள். பயிற்சி கிடையாது என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் கையில் ஒரு தாளுடன் கேமராக்கள் முன் வந்து, ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்த அறிக்கையை வாசித்தார். அந்த ஒருவர், பயிற்சியாளர் டொமெனெக்.

உலகக் கோப்பை வரலாற்றில் இதைவிட விநோதமான காட்சி அதிகம் இல்லை.

காரணம் மூன்று நாள் பழையது. ஜூன் 17 அன்று மெக்சிகோவுடனான ஆட்டத்தின் இடைவேளையில், டிரெஸ்ஸிங் ரூமில் டொமெனெக்குக்கும் முன்கள வீரர் நிக்கோலா அனெல்காவுக்கும் சண்டை. இரண்டாம் பாதியில் அனெல்கா களமிறங்கவில்லை. பிரான்ஸ் 0-2 எனத் தோற்றது. மறுநாளுக்கு மறுநாள் ‘லெகிப்’ விளையாட்டு நாளிதழ், அனெல்கா உதிர்த்ததாகச் சொல்லப்பட்ட வசவை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. வீட்டுக் கூடத்தில் வாய்விட்டுப் படிக்க முடியாத வசவு. பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பு அனெல்காவை ஊருக்கு அனுப்பிவைத்தது. அச்சில் வந்தவை அனெல்கா சொன்ன அதே சொற்கள் அல்ல என்று டொமெனெக்கே பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். அதற்குள் தீர்ப்பெல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது: அனெல்காவுக்கு 18 ஆட்டத் தடை, எவ்ராவுக்கு 5, ஃபிராங்க் ரிபெரிக்கு 3, ஜெரெமி துலாலானுக்கு 1.

பிரான்சில் அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. கோடி சம்பளம் வாங்கிக்கொண்டு நாட்டின் மானத்தை வாங்கிவிட்டார்கள் என்றனர் ஒரு சாரார். விளையாட்டுத் துறை அமைச்சர் ரோஸ்லின் பஷ்லோ நாடாளுமன்றத்திலேயே, பக்குவமில்லாத தாதாக்கள் சிலர் அணியை ஆட்டிவைத்தார்கள் என்ற தொனியில் பேசினார். ‘தாதா’ என்ற சொல் யாரைச் சுட்டுகிறது என்று பாரிஸ் புறநகர்க் குடியிருப்புகளில் வாழும் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1998இல் கோப்பை வென்ற இதே வகைப் பிள்ளைகளை நாடே தோளில் தூக்கிவைத்து ஆடியது. ஆனால் விவகாரத்தை நிறத்தோடு மட்டும் முடிச்சுப் போட்டுவிடவும் முடியாது. எவ்ரா இனி பிரான்ஸ் சட்டையைப் போடவே கூடாது என்று கடுமையாக நின்றவர் லிலியான் துராம். குவாதலூப் தீவில் பிறந்து, பிரான்சுக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடி, இனவெறிக்கு எதிராக இயக்கம் நடத்துபவர்.

இந்தக் கூச்சலில் ஒரு கேள்வி மட்டும் அமுங்கிப்போனது. டொமெனெக் அந்த நாற்காலியில் 2010 வரை எப்படி உட்கார்ந்திருந்தார்?

2006 உலகக் கோப்பை இறுதிவரை அணியைக் கொண்டுபோனவர் அவர் என்பது உண்மை. 2008 யூரோ கோப்பையில் அதே அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது: மூன்று ஆட்டம், ஒரே கோல், ஒரே புள்ளி. இத்தாலியிடம் தோற்ற இரவு, தோல்விக்கு விளக்கம் கேட்ட நேரடி ஒளிபரப்பில், தம் துணைவியான தொலைக்காட்சித் தொகுப்பாளரைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார் டொமெனெக். வேறு எந்த நாட்டிலும் அன்றிரவே சீட்டுக் கிழிந்திருக்கும். 1998 அணியின் பழைய கூட்டாளிகள் டிடியே டெஷாம்ப் பெயரை முன்வைத்தார்கள். கூட்டமைப்போ டொமெனெக்கையே தொடரச் சொன்னது. பிறகு 2010 மே மாதம், உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருக்கையில், போட்டி முடிந்ததும் அதே 1998 அணியின் லோரன் பிளாங்க் அந்த இடத்துக்கு வருவார் என்று தெரியவந்தது. வாத்தியாருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று தெரிந்த வகுப்பறை எப்படி இருக்கும்?

டொமெனெக் வீரர்களின் ராசியையும் பார்ப்பவர் என்பது பிரான்சில் ஊரறிந்த செய்தி. ரொபேர் பிரேஸ் அணிக்குத் திரும்பாமல் போனதற்கு அவர் விருச்சிக ராசிக்காரர் என்பதே காரணம் என்று ரசிகர்கள் இன்றும் கிண்டலடிக்கிறார்கள். இதைப் படித்துச் சிரிக்கும் இந்திய ரசிகர் சற்று நிதானிக்கலாம். 2022இல் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றின்போது இந்திய அணிப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச், ஆட்டக்காரர் பட்டியலை ஒரு ஜோதிடருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டதாக அடுத்த ஆண்டு செய்தி வெளியானது. அந்த ஸ்டிமாச், 1998 அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராகக் குரோவேசியாவுக்கு ஆடியவர்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2010 உலகக் கோப்பைக்கு பிரான்ஸ் வந்துசேர்ந்ததே ஒரு கையால்தான். 2009 நவம்பர் 18, பாரிஸ் அருகே ஸ்டாட் ட பிரான்ஸ் மைதானம், அயர்லாந்துடன் தகுதிச்சுற்று ஆட்டம். கூடுதல் நேரத்தில் தியரி ஹென்றி பந்தைக் கையால் அணைத்துத் தட்டிக்கொடுக்க, வில்லியம் காலாஸ் கோல் போட்டார். அயர்லாந்து மறு ஆட்டம் கேட்டது, ஃபிஃபா மறுத்தது. அயர்லாந்துக் கூட்டமைப்பு வழக்குக்குப் போகாமலிருக்க ஃபிஃபா 50 லட்சம் யூரோ கொடுத்தது 2015இல் அம்பலமானது. ஹென்றிக்குத் தண்டனை ஏதும் இல்லை. உலகக் கோப்பையிலிருந்து திரும்பியதும், நைஸ்னாவில் நடந்ததை விளக்குவதற்காக அவர் அதிபர் சார்கோசியை எலிசே மாளிகையில் சந்தித்தார். கையால் தட்டியவர் மாளிகைக்குப் போனார், வாயால் திட்டியவர் விமான நிலையத்துக்குப் போனார்.

நடத்தை என்று ரசிகர்களும் அமைச்சர்களும் பேசும்போது, அவர்கள் பெரும்பாலும் பேசுவது ஸ்கோரைப் பற்றி. ஜினடின் ஜிடேனைப் பாருங்கள். 1998இல் சவுதி அரேபிய வீரரை மிதித்துச் சிவப்பு அட்டை வாங்கினார். இரண்டு ஆட்டம் உட்கார வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் பராகுவேயிடம் பிரான்ஸ் வீழ்ந்திருந்தால், ஜிடேன் பெயர் இன்று வேறு மாதிரி உச்சரிக்கப்பட்டிருக்கும். பிளாங்க் கூடுதல் நேரத்தில் தங்க கோல் அடித்துக் காப்பாற்றினார். இறுதி ஆட்டத்தில் ஜிடேன் தலையால் இரண்டு கோல் அடித்தார். அதே தலையால் 2006 ஜூலை 9, பெர்லினில், மற்றோர் உலகக் கோப்பை இறுதியின் 110ஆம் நிமிடத்தில் இத்தாலிய வீரர் மார்கோ மத்தேராசியின் மார்பில் முட்டினார். அனெல்காவின் வசவு மூடிய கதவுக்குள் விழுந்தது. இந்த முட்டலைக் கோடிக்கணக்கானோர் கண்ணால் பார்த்தார்கள். பிரான்ஸ் பெனால்டியில் தோற்றது. மறுநாள் அதிபர் ஷிராக் அணியை வரவேற்று ஜிடேனைப் புகழ்ந்தார். நாடும் பெரும்பாலும் மன்னித்தது. மன்னித்ததில் தவறில்லை. அந்த மனசு நான்கு ஆண்டு கழித்து எங்கே போனது என்பதுதான் புரியவில்லை.

இதற்கு நேர் எதிரான ஓர் ஆளும் பிரான்சில் இருந்தார். 1998இல் கோப்பை வென்ற அணியின் பயிற்சியாளர் எமே ஜாக்கே. முதலில் எரிக் கன்டோனா அவருடைய அணித்தலைவர். 1995 ஜனவரியில் லண்டன் மைதானத்தில் தம்மைத் திட்டிய ரசிகரை வேலிக்கு மேலே எகிறி உதைத்தார் கன்டோனா. செப்டம்பர் கடைசிவரை தடை. தடை முடிந்து மான்செஸ்டர் யுனைடெட்டில் அவர் அதகளம் செய்துகொண்டிருந்தபோதும் ஜாக்கே அவரை மறுபடி அழைக்கவில்லை. ஒழுக்கப் பாடம் நடத்தவும் இல்லை. கன்டோனா இல்லாத நாட்களில் ஜிடேனையும் ஜோர்காயெஃபையும் வைத்து ஓர் அணி அமைந்துவிட்டது, அது தோற்கவில்லை, அதைக் கலைக்க மாட்டேன், அவ்வளவுதான். டேவிட் ஜினோலாவையும் சேர்க்கவில்லை. லெகிப் ஜாக்கேயை மாதக்கணக்கில் வறுத்தெடுத்தது. 1998 உலகக் கோப்பைக்கான 28 பேரிலிருந்து ஆறு பேரைக் கழித்தபோது ஒரு பத்தொன்பது வயதுப் பையனும் வெளியேறினான்; அவன் பெயர் நிக்கோலா அனெல்கா. கோப்பையை வென்ற பிறகும் ஜாக்கே அந்தப் பத்திரிகையை மன்னிக்கவில்லை. ஜாக்கே சரியாகவே தேர்ந்தெடுத்தார் என்று இன்று எல்லோரும் சொல்வார்கள். இறுதி ஆட்டத்தில் பிரேசிலிடம் தோற்றிருந்தால் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். ஆனாலும் அவருடைய காரணம் தோல்வியிலும் செல்லுபடியாகும் காரணம். அது ஆட்டத்தைப் பற்றியது.

கரீம் பென்சிமா விவகாரத்தில் இந்த நேர்மை காணாமல்போனது. சக வீரர் மத்தியூ வல்புவேனாவின் அந்தரங்க வீடியோவை வைத்துப் பணம் பறிக்க முயன்றவர்களுக்குத் துணைபோனதாக 2015 நவம்பரில் பென்சிமா மீது குற்றம் சுமத்தப்பட்டது. டிசம்பரில் கூட்டமைப்புத் தலைவர் நோயெல் ல கிரெ அவரை அணியிலிருந்து நிறுத்திவைத்தார். விளையாட்டு வீரர் முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்று பிரதமரே பேசினார். சொந்த மண்ணில் நடந்த 2016 யூரோவுக்குப் பென்சிமா இல்லை. பயிற்சியாளர் டெஷாம்ப் நாட்டின் இனவெறியர்களுக்குப் பணிந்துவிட்டார் என்று ஸ்பானியப் பத்திரிகை ஒன்றிடம் பென்சிமா சொல்ல, பிரித்தானி கடலோரத்தில் டெஷாம்ப் வீட்டுச் சுவரில் ‘இனவெறியன்’ என்று யாரோ எழுதிவிட்டுப் போனார்கள். டெஷாம்ப் அதை மறக்கவில்லை.

2018இல் பென்சிமா இல்லாமலே பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றது. அவருடைய இடத்தில் ஆடிய ஒலிவியே ஜிரூ ஏழு ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடவில்லை. பக்கத்தில் ஓடிய எம்பாப்பேவுக்கும் கிரீஸ்மானுக்கும் இடம் உண்டாக்கிக் கொடுத்தார். பென்சிமா பிற்பாடு தம்மை ஃபார்முலா ஒன் காரென்றும் ஜிரூவைக் கார்ட்டிங் வண்டியென்றும் சொன்னார். கார்ட்டிங் வண்டி வீட்டில் தங்கப் பதக்கம் இருந்தது.

அப்புறம் 2021 மே. டெஷாம்ப் பென்சிமாவை மறுபடி அழைத்தார். யூரோவில் அவர் நான்கு கோல் போட்டார்; பிரான்ஸ் சுவிட்சர்லாந்திடம் பெனால்டியில் வெளியேறியது. அந்த நவம்பரில்தான் வழக்கின் தீர்ப்பு வந்தது: பென்சிமா குற்றவாளி, நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுச் சிறைத் தண்டனை, 75,000 யூரோ அபராதம். அணியில் அவர் இடம் அசையவில்லை. 2015இல் வெறும் குற்றச்சாட்டு இருந்தது, அவர் வெளியே. 2021இல் நீதிமன்றத் தீர்ப்பே இருந்தது, அவர் உள்ளே. இடைப்பட்ட காலத்தில் மாறியது பென்சிமாவின் ஒழுக்கம் அல்ல. ரியால் மாட்ரிட்டுக்கு அவர் போட்ட கோல்களின் எண்ணிக்கை.

வல்புவேனா? மிரட்டலுக்கு ஆளானவர் அவர், எந்தக் குற்றமும் செய்யாதவர். 2015 அக்டோபருக்குப் பிறகு அவர் பிரான்சுக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஆட்டத்திறன் குறைந்தது என்று காரணம் சொல்லலாம், ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பென்சிமாவைத் திரும்ப அழைக்கக் கோரி ஆறு ஆண்டு தொண்டை வறள வாதாடிய கூட்டமும், கூடாது என்று எதிர்வாதம் செய்த கூட்டமும் வல்புவேனா பெயரை எத்தனை முறை எடுத்தன? ஒழுக்கத்தின் பெயரால் நடந்த சண்டையில் பாதிக்கப்பட்டவருக்கு வக்கீல் இல்லை.

ஒருவரை நடத்தைக்காக விலக்குவதே தப்பு என்று இங்கே சொல்ல வரவில்லை. அணித்தோழரின் கழுத்தில் கத்தி வைக்கும் வேலைக்குத் துணைபோனவரைச் சேர்க்க மாட்டோம் என்று ஒரு கூட்டமைப்பு விதி வகுக்கட்டும். அதை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். நான்கு கோல் போட்டாலும் நாற்பது கோல் போட்டாலும் அதில் நிற்கட்டும். அப்படி நிற்க முடியாதென்றால், ஜாக்கே மாதிரி ஆட்டக் காரணத்தைச் சொல்லிவிட்டுப் பத்திரிகைகளின் ஏச்சை வாங்கிக்கொள்ளலாம். ரசிகர்களும் ஆட்டக்காரரின் வாயை அளந்த கையோடு, பயிற்சியாளரின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் யார் என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். நைஸ்னாவுக்குப் பின் கூட்டமைப்புத் தலைவர் ழான்-பியேர் எஸ்கலெத் பதவி விலகினார். அந்தப் பேரை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? அனெல்காவின் வசவை மட்டும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்கள்.

பென்சிமாவை அணியிலிருந்து நிறுத்திவைத்த ல கிரெ விஷயத்துக்கு வருவோம். 2023 ஜனவரியில், பிரான்ஸ் பயிற்சியாளர் பதவிக்காக ஜிடேன் தொலைபேசியில் அழைத்திருந்தாலும் தாம் எடுத்திருக்க மாட்டேன் என்ற பாணியில் வானொலியில் பேசிவைத்தார். எம்பாப்பே பொங்கினார், நாடு பொங்கியது, தலைவர் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அவர் மீது வேறு புகார்கள் வந்திருந்தன. பெண்களிடம் அவர் நடந்துகொண்ட முறையைச் சுட்டி, பிரெஞ்சுக் கால்பந்தை நிர்வகிக்கும் தகுதி அவருக்கு இனி இல்லை என்று அரசின் ஆய்வு அறிக்கை சொன்னது. அவர் எல்லாவற்றையும் மறுத்தார்; பிப்ரவரி கடைசியில் ராஜினாமா செய்தார்.

2026 உலகக் கோப்பையோடு விலகிக்கொள்வதாக 2025 ஜனவரியில் டெஷாம்ப் அறிவித்தார். அன்று முதல் அந்த நாற்காலிக்கு பிரெஞ்சு ரசிகர்கள் அதிகம் உச்சரித்த பெயர் ஜிடேனுடையது. மத்தேராசியின் மார்பை யாரும் நினைவூட்டவில்லை. அந்த முட்டலை ஐந்து மீட்டர் வெண்கலத்தில் வார்த்திருக்கிறார் அல்ஜீரியச் சிற்பி ஆதெல் அப்தெஸ்ஸெமெத். 2012இல் அது பாரிஸின் பொம்பிடு மையத்தின் வாசலில் நின்றது. பிறகு கத்தார் வாங்கி தோஹா கடற்கரைச் சாலையில் வைத்தது, எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டது, 2022 உலகக் கோப்பை நெருங்கியதும் மறுபடி வைக்கப்போவதாக அறிவித்தது.