துருக்கியில் கண்டதை எழுதிய சீமாட்டி



பெரியம்மை நோய் உலகிலிருந்து முற்றாக ஒழிந்துவிட்டதென உலக சுகாதார ஸ்தாபனம் 1980 இல் அறிவித்தது. அந்த நீண்ட போராட்டத்தின் பழைய ஏடுகளைப் புரட்டினால், 1796 இல் தடுப்பூசி கண்ட ஜென்னருக்கு முன்பாகவே ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. அவர் வைத்தியர் அல்லர்; பேனா பிடித்த ஒரு பிரபு குலத்துப் பெண். பெயர் லேடி மேரி வோர்ட்லி மொண்டேகு.

1689 இல் இங்கிலாந்தில் பிறந்த மேரி, சின்ன வயதிலேயே தாயை இழந்தார். தந்தை பின்னாளில் கிங்ஸ்டன் கோமகனாக உயர்ந்தவர். பெண்பிள்ளைக்கு லத்தீன் எதற்கு என்று எண்ணிய காலம் அது. மேரியோ தந்தையின் நூலகத்தில் ஒதுங்கியிருந்து அந்த மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டார். தந்தை பேசிய சம்பந்தம் பிடிக்காததால், 1712 இல் வீட்டைவிட்டுப் போய் எட்வர்ட் வோர்ட்லி மொண்டேகுவை மணந்தார்.

அடுத்த ஆண்டே ஒரே சகோதரனைப் பெரியம்மை கொண்டுபோனது. 1715 இல் மேரியையும் அது பிடித்தது. உயிர் தப்பியது. ஆனால் பலரும் புகழ்ந்த முகத்தில் தழும்புகள் நிலைத்துவிட்டன. கண்ணிமை மயிர்களும் உதிர்ந்துபோயின.

1716 இல் கணவர் உஸ்மானிய சாம்ராஜ்யத்துக்குத் தூதுவராக நியமனம் பெற்றார். மேரியும் சிறு மகனோடு புறப்பட்டார். வியன்னா, பெல்கிரேட், சோபியா, எதிர்னே, இஸ்தான்பூல் என நீண்ட அந்தப் பயணத்தில் அவர் எழுதிய கடிதங்களே அவருடைய பெயரை இன்றும் நிலைநிறுத்துகின்றன.

அதற்கு முன்னர் துருக்கியைப் பற்றி எழுதிய ஐரோப்பிய ஆண்கள் அந்தப்புரத்து வாசற்படியைக்கூட மிதித்தவர்கள் அல்லர். கேள்விப்பட்டதையும் கற்பனை செய்ததையும் கலந்து எழுதினார்கள். மேரி உள்ளே போனார். சோபியாவில் பெண்களுக்கான ஹம்மாமைக் கண்டார். எதிர்னேயில் உயர் அதிகாரி ஒருவரின் மனைவி பாத்திமாவின் விருந்தாளியானார். துருக்கி மொழியும் படித்தார். அங்குள்ள வசதி படைத்த பெண்களின் பணம் அவர்கள் கையிலேயே இருக்கிறது, மணவிலக்கு நேர்ந்தால் அதைத் தம்மோடு கொண்டுபோகிறார்கள் என்று எழுதினார். மஹரும் சொத்துரிமையும் நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்திருக்க 1870, 1882 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேரி பழகியது பெரும்பாலும் மேல்தட்டுக் குடும்பங்களோடுதான். ஏழைப் பெண்ணின் வாழ்வு அக்கடிதங்களில் அதிகம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

1717 ஏப்ரலில் சாரா சிஸ்வெல் என்ற தோழிக்கு எழுதிய கடிதம் அவற்றுள் மிக முக்கியமானது. வெயில் தணியும் செப்டம்பரில் குடும்பங்கள் ஒன்றுகூடும். மூதாட்டி ஒருத்தி கொட்டையோட்டில் அம்மைப் பாலோடு வருவாள். ஊசி நுனியில் எடுத்து நரம்பிலே கீறி வைப்பாள். எட்டாம் நாள் காய்ச்சல் வரும், இரண்டு மூன்று நாள் படுக்கை, பிறகு சுகம். இதையெல்லாம் விவரித்துவிட்டு, இங்கிலாந்திலும் இதைப் பரப்புவேன் என்று உறுதி கூறினார்.

சொன்னதைத் தன் பிள்ளைகளில்தான் முதலில் செய்துகாட்டினார். 1718 இல், தூதரக வைத்தியர் மெய்ட்லண்டும் ஒரு கிரேக்க மூதாட்டியும் சேர்ந்து மகனுக்கு அம்மைப் பால் வைத்தனர். 1721 இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது, அங்குள்ள வைத்தியர்கள் பார்த்திருக்க மகளுக்கும் வைக்கச் செய்தார். ஆபத்தே இல்லாத முறையல்ல அது; சிலர் இறந்ததும் உண்டு. ஆனால் தானாக வரும் அம்மையில் மாண்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. வைத்தியர் பலர் எதிர்த்தார்கள். சில பாதிரிமார் பிரசங்கம் செய்தார்கள். 1722 இல் வேல்ஸ் இளவரசி தம் புதல்விகள் இருவருக்கு வைப்பித்த பின்னரே எதிர்ப்புச் சற்றுத் தணிந்தது. அந்தக் கடிதத்தைப் பெற்ற தோழி சாராவோ 1726 இல் பெரியம்மையாலேயே இறந்துபோனார்.

பிற்காலத்தில் மேரி இத்தாலியிலும் பிரான்சிலும் தனித்து வாழ்ந்தார். பேத்தியை நன்றாகப் படிக்க வையுங்கள் என்று மகளுக்கு எழுதியவர், படித்ததை வெளியே காட்டாமல் மறைக்கவும் சொல்லிக்கொடுங்கள் என்றார். கற்ற பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது அவர் பட்டறிந்தது.

அவர் அஞ்சியது வீண்போகவில்லை. 1761 இல் ஊர் திரும்பும் வழியில் துருக்கிக் கடிதங்களின் கையெழுத்துப் பிரதியை ரொட்டர்டாமில் ஒரு பாதிரியாரிடம் ஒப்படைத்தார். 1762 இல் கண்மூடினார். மறு ஆண்டு, குடும்பத்தார் விரும்பாதபோதும் கடிதங்கள் நூலாகின. ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் எழுதிய நாட்குறிப்பை, 1794 இல் தான் இறப்பதற்கு முன் மகளே எரித்துவிட்டார். பெரிய வீட்டுப் பெண் எழுதியது சந்திக்கு வருவது குடும்பத்துக்கு இழுக்கு என்று எண்ணினார்கள்.

சகோதரிகளே, பெயர் தெரியாத மூதாட்டிகளின் கைப்பக்குவத்தை மதித்துக் கேட்டவர் ஒரு சீமாட்டி. எழுதி வைத்ததால் அது கடல் கடந்தது. நம் வீடுகளிலும் உம்மம்மாமார் அறிந்தவை எத்தனையோ உண்டு. அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதியதை எரிக்காமல் காப்பது பிள்ளைகளின் கடமை.