ஆடியவரும் பயிற்றியவரும்

முத்தையா முரளிதரனைப் புகழாத வாய் மலைநாட்டில் இல்லை. 133 டெஸ்ற் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் என்பதைச் சிறுவரும் மனப்பாடமாய் ஒப்புவிப்பர். 2010 இல் காலியில், தம் இறுதிப் பந்திலேயே எண்ணூறாவதை வீழ்த்தியமையும் அவர்கள் அறிவர். ஆயின், அவர் பின்னர் மேற்கொண்ட ஆசிரியப் பணியை நம்மவர் பொருட்படுத்துவதில்லை.

2015 இல் அவர் ஐதராபாத் சன்ரைசர்ஸ் அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநரானார். பிறவியிலேயே வளைந்த முழங்கையையும் வியத்தகு மணிக்கட்டையும் பிறர்க்கு ஈதல் இயலாது. பின் எதனைக் கற்பிப்பது? பந்து விழவேண்டிய இடத்தை. களத்தடுப்பாளரை நிறுத்தும் முறையை. அடிபட்ட பின்னும் அடுத்த பந்தைத் தளராது வீசும் பொறுமையை. 1995 இல் மெல்பேணில் ஏழு முறை ‘நோபோல்’ என்று நடுவர் கூவியும், மறுமுனைக்குச் சென்று தொடர்ந்து வீசியவர் அன்றோ!

அவரைக் கண்டெடுத்தவரும் ஒரு பயிற்றுநரே. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில், மிதவேகமாய் வீசிய சிறுவனைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் சுனில் பெர்னாண்டோ.

இரத்தோட்டையிலும் அத்தகைய சிறுவர் இருத்தல் கூடும். காண்பவர் யார்? வகுப்பறைக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர் வேண்டுமென வற்புறுத்தும் நாம், மைதானத்துக்கு மட்டும் ஓய்வுள்ள எவரும் போதுமென்கிறோம். இது முறையன்று. வருபவர் ஆடிப் புகழ் பெற்றவராதல் வேண்டா. பிள்ளையின் கையைப் பார்த்தறிய வல்லவராயின் சாலும். பழைய மாணவர், யூபிலி நிதியில் வெள்ளிக் கிண்ணங்கள் வாங்குமுன், அத்தகைய ஒருவரின் ஓராண்டு வேதனத்தை ஒதுக்குமாறு வேண்டுகின்றோம்.