பொறுப்பு என்னும் சொல்

கட்டுரை நோட்டு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தோம். 'ரெப்ரஸண்டேடிவ் கவர்ன்மெண்ட்', 'ரெஸ்பான்ஸிபிள் கவர்ன்மெண்ட்' என்னும் இரு தொடர்களுக்கும் மாணவன் 'ஜனநாயகம்' என்றே பொருள் எழுதியிருந்தான். சரியென்று குறியிடப் போன நம் பென்சில் நின்றுவிட்டது.

முன்னது பிரதிநிதி ஆட்சி; பின்னது பொறுப்பாட்சி. பார்வைக்கு உடன்பிறந்தவை, குணம் வேறு. ஓர் ஊர்க் கோவிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரார் நால்வரைத் தேர்ந்தனுப்பித் தர்மகர்த்தாவைக் கேள்வி கேட்கலாம் என்றால், அது பிரதிநிதித்துவம். அந்நால்வருக்கும் நம்பிக்கை போய்விட்டால் அவர் சாவிக்கொத்தை வைத்துவிட்டு விலக வேண்டும் என்றால், அதுவே பொறுப்பு.

1909-ம் வருஷத்து மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முதல் வகையைச் சேர்ந்தது. தேர்தல் மூலம் சிலர் சட்டசபைக்கு வந்தனர், கேள்வி கேட்டனர், வரவு செலவுத் திட்டத்தை விவாதித்தனர். ஆனால் ஸர்க்காரை அசைக்க அவர்களால் இயலவில்லை.

பிறகு 1917 ஆகஸ்டு 20-ந் தேதி மாண்டேகுவின் பிரகடனம் வந்தது. அதன் நகலில் முதலில் இருந்தது 'ஸெல்ப் கவர்ன்மெண்ட்', அதாவது சுயாட்சி என்ற சொல். அதற்கு மனம் ஒப்பாத கர்ஸன் பிரபு, 'ரெஸ்பான்ஸிபிள் கவர்ன்மெண்ட்' என்று மாற்றி அமைத்தார். வேடிக்கையைப் பாருங்கள்! சுயாட்சி என்றால் ஆள்பவர் இந்நாட்டவர் என்பதோடு நின்றுவிடலாம். ஒரு மகாராஜாவும் இந்நாட்டவர்தாமே! பொறுப்பாட்சி என்றாலோ, பிரிட்டிஷ் அரசியல் வழக்கில், மந்திரிகள் சட்டசபைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதே பொருள். எதைத் தவிர்க்க எண்ணினாரோ, அதைவிடக் கண்டிப்பான வாக்குறுதியை அவரே எழுதிவிட்டார்.

1919-ம் வருஷத்துச் சட்டம் அவ்வாக்கைப் பாதிதான் காப்பாற்றியது. மாகாணங்களில் கல்வியும் சுகாதாரமும் மந்திரிகளிடம் வந்தன. போலீஸும் நிலவரியும் கவர்னரிடமே தங்கின. இதற்கு இரட்டையாட்சி என்று பெயர். சாவிக்கொத்தில் கனமான சாவிகள் கைமாறவில்லை.

1947-ல் சுயாட்சி கிடைத்தது. 1950 ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 75-வது ஷரத்து, மந்திரிசபை கூட்டாக லோக்சபைக்குப் பொறுப்புடையது என்று விதிக்கிறது. ஆள்பவர் நம்மவர் என்பது ஒரு சொல். அவர் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது வேறு சொல்.

மாணவனுக்கு அரை மார்க்குப் போட்டோம். பிரதிநிதியை அனுப்பிவிட்டு, அப்புறம் ஒரு கேள்வியும் கேளாதிருக்கும் பெரியவர்களாகிய நமக்கும் அதற்குமேல் போட நியாயமில்லை.