பாலம் ஒன்று, பொறுப்பு யாருடையது?

கொல்கத்தாவின் மாஜேர்ஹாட் பாலம் 2018 செப்டம்பர் 4-ஆம் தேதி இடிந்து விழுந்ததில் மூன்று பேர் உயிரிழந்தனர். பெஹாலா உள்ளிட்ட தென்மேற்குப் பகுதிகளை நகரின் மையத்துடன் இணைத்த பாலம் அது. பராமரிப்பு மாநிலப் பொதுப்பணித் துறையிடம்; கீழே செல்லும் தண்டவாளங்கள் ரயில்வேயிடம்; அருகிலேயே மெட்ரோ ரயில் பணி. விபத்து நடந்ததும் முதல்வர் மம்தா பானர்ஜி மெட்ரோ பணியைச் சுட்டிக்காட்டினார். தலைமைச் செயலர் குழுவின் விசாரணைக்குப் பிறகே, பொதுப்பணித் துறை பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றார்.

புதிய பாலம் கட்டியபோதும் இதே கதைதான். தண்டவாளங்களுக்கு மேலே அமையும் பகுதிக்கு ரயில்வேயின் ஒப்புதல் தேவை. பாதுகாப்புச் சான்று அளிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையமோ விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அனுமதி தாமதத்தால் ஒன்பது மாதங்கள் வீணாயின என மாநில அரசு குற்றஞ்சாட்டியது. ரயில்வே அதை ஏற்கவில்லை. 2020 டிசம்பர் 3-ஆம் தேதிதான் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை இரண்டேகால் ஆண்டுகள் சுற்றுவழியில் அலைந்தவர்கள் மக்கள்.

இத்தகைய பாலங்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்டால், மாநிலத்தின் பொறுப்பு என்று ரயில்வே கைவிரிக்கலாம். சட்டப்பேரவையில் கேட்டால், ரயில்வேயை மாநில அரசு கைகாட்டலாம். முழு உண்மையை எந்த அவையும் கேட்டுப்பெற முடியாது.

தண்டவாளங்களைக் கடக்கும் ஒவ்வொரு சாலைப் பாலத்துக்கும் ஆண்டுதோறும் கூட்டு ஆய்வு வேண்டும். அதன் அறிக்கை நாடாளுமன்றம், சட்டப்பேரவை இரண்டிலும் வைக்கப்பட வேண்டும். அனுமதிகளுக்குக் காலக்கெடுவும், அது மீறப்பட்டால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி யார் என்பதும் தொடக்கத்திலேயே எழுத்தில் இடம்பெற வேண்டும். அடுத்த பாலம் விழுந்த பிறகு பொறுப்பாளரைத் தேடுவதில் பயனில்லை.