ட்ரோன் ஓட்டிகளும் சிமுலேட்டர் பரீட்சையும்

பயிருக்கு மருந்து தெளிக்க ட்ரோனைத் தருவிக்கும் நிலச்சுவான்தார்கள், ஏக்கருக்குக் கூலி எவ்வளவு என்று விசாரிக்கிறார்களேயன்றி, ஓட்டுபவர் எவ்விதம் பழகினார் என்று விசாரிப்பது அபூர்வம். 2021-ம் வருஷத்து ட்ரோன் விதிகளின்படி, இத்தொழில் செய்வோர் அங்கீகாரம் பெற்ற பயிற்சி ஸ்தாபனத்தில் தேறி அத்தாட்சிப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். அப்பயிற்சியில் ஒரு பாகம் சிமுலேட்டரில் நடைபெறுகிறது. அதாவது, கையில் மெய்யான விசைக் கருவியும் எதிரே கம்ப்யூட்டர் திரையில் பொய்யான ட்ரோனுமாகப் பழகுதல்.

இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று இகழ்வாருமுண்டு. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் தகப்பனாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் கற்ற துருத்தி வேலையைக்கொண்டு, தரையிலிருந்தபடியே அசையும் விமானக் கூண்டொன்றை 1929-ல் அமைத்தபோதும் அதனை வேடிக்கைச் சாலைக்காரர்களே விரும்பி வாங்கினர். 1934-ல் தபால் கொண்டுசென்ற ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் விழுந்து மாண்ட பிறகே ராணுவத்தார் அதன் அருமையை உணர்ந்தனர்.

ட்ரோனின் முகம் ஓட்டுபவரை நோக்கித் திரும்பியவுடன் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். புதியவர் கை தடுமாறுவது இங்கேதான். திரையில் நூறு தடவை தவறினும் நஷ்டமில்லை. வயலில் ஒரு தடவை தவறினால், பல லட்ச ரூபாய் யந்திரமும் அதிலுள்ள 10 லிட்டர் மருந்தும் அடுத்தவர் நிலத்தில் வீழும். பூச்சிமருந்து பட்ட மல்பெரித் தழையைத் தின்ற பட்டுப்புழு மடியும். 2,4-டி களைக்கொல்லி சிறிது பட்டாலும் பருத்தியின் இலை உருக்குலையும். பிறகு பஞ்சாயத்துப் பேசிப் பயனென்ன?

ஆயினும் சிமுலேட்டரின் சிறந்த உபயோகம் பழக்குவதினும் பரீட்சிப்பதிலேயே உள்ளது. பாரமேற்றிய ட்ரோனில் ஒரு மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க எந்தப் பரீட்சகர் துணிவார்? திரையிலோ மோட்டாரை நிறுத்தலாம், ஜி.பி.எஸ். குறியை அறுக்கலாம், திடீர்க் காற்றை எழுப்பலாம். அப்பொழுது ஓட்டியின் கை செய்வதனைத்தையும் பதிவுசெய்து, எல்லோரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடலாம். அத்தாட்சிப் பத்திரமோ ஒரு முறை பெற்றால் 10 வருஷம் செல்லுபடியாகிறது. மருந்து தெளிப்போர் விஷயத்தில் இது அதிகமே. போகந்தோறும் தெளிப்பு ஆரம்பிக்கு முன் அரைமணி நேரச் சிமுலேட்டர் பரீட்சை ஏற்படுத்துதல் நியாயம்.

நிற்க. பெட்டியில் பாதி மருந்து அலைமோதும்போது யந்திரம் ஆடும் ஆட்டமும், பனைகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் மின்கம்பியும் திரையில் உள்ளபடி தோன்றுவதில்லை. ஆகையால், கிராமத்திற்கு ட்ரோன் அமர்த்தும் உத்தியோகஸ்தர்கள் பத்திரத்தைப் பார்த்ததோடு அமையாது, வெறுந்தண்ணீரை நிரப்பி ஒரு ஏக்கர் தெளித்துக் காட்டச் சொல்லி, வரப்புக்கு அப்பால் துளி விழுகிறதா என்று பார்த்த பின்னரே மருந்தை எடுத்துக் கொடுப்பது நலம்.